நெஞ்சில் கோத்த நீர்: கசிவிலிருந்து காரணத்துக்கு

"நுரையீரலில் தண்ணீர் கோத்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் எழும் கேள்வி, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான். குடித்த தண்ணீர் அங்கே போயிருக்குமா, நாள்பட்ட சளி கரைந்து நீராகிவிட்டதா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். முதுகில் ஊசி போட்டு அரை லிட்டர் நீரை எடுத்த பிறகு இன்னொரு கேள்வி வந்து நிற்கும். நீர்தான் கைக்கு வந்துவிட்டதே, என்ன நோய் என்று ஏன் இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. அந்த நீர் குடித்ததும் அல்ல, சளியும் அல்ல; அது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அது இருப்பது நுரையீரலுக்குள்ளும் அல்ல. நுரையீரலுக்கும் விலா எலும்புச் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் அது சேர்கிறது. இரண்டாம் கேள்விக்கு விடை அவ்வளவு எளிதாக இல்லை. நெஞ்சில் நீர் கோக்கச் செய்யும் நோய்கள் ஐம்பதுக்கும் மேல். இதயம் தளர்ந்தாலும், கல்லீரல் சுருங்கினாலும், காசநோய் வந்தாலும், புற்றுநோய் பரவினாலும், டெங்குக் காய்ச்சல் முற்றினாலும் நோயாளி சொல்வது ஏறக்குறைய ஒன்றையேதான்: மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் கனமாக இருக்கிறது, இருமல் நிற்கவில்லை. எக்ஸ்-ரே படத்தில் தெரியும் வெண்ணிழலும் ஒன்றுபோலவே இருக்கும்.

எப்போதும் இருக்கும் ஒரு கரண்டி நீர்

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது. மற்றது விலாச் சுவரின் உட்புறத்தோடு ஒட்டியது. இரண்டையும் சேர்த்து மருத்துவத்தில் புளூரா என்பார்கள்; இந்த அத்தியாயத்தில் நுரையீரல் உறை என்று குறிப்பிடப்படும். இரண்டு சவ்வுகளும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்ல அவற்றினிடையே கொஞ்சம் நீர் தேவை. நலமாக இருக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இரு பக்கமும் சேர்த்து 15 மில்லிலிட்டர் அளவுக்கு, அதாவது ஒரு பெரிய கரண்டி நீர், எப்போதும் இருக்கும்.

இந்த நீர் தேங்கி நிற்பதில்லை. விலாச் சுவர்ப் பக்கத்து நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து இடைவிடாமல் ஊறுகிறது. அதே சவ்வில் உள்ள நுண்துளைகள் வழியாக நிணநீர்க் குழாய்களுக்குள் வடிந்துகொண்டும் இருக்கிறது. வரத்துக்கால் வழியே வரும் நீரும் மதகு வழியே வெளியேறும் நீரும் ஈடாக இருக்கும்வரை கண்மாயின் மட்டம் மாறாமல் நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. வடிகாலின் திறனும் தாராளமானது: வழக்கமாக ஊறுவதைப்போல் இருபது மடங்குக்கு மேல் வந்தாலும் நிணநீர்க் குழாய்களால் உறிஞ்சிவிட முடியும். ஆகவே நீர் கோத்துவிட்டது என்றால், வரத்து மிகப் பெரிதாகப் பெருகியிருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைபட்டிருக்க வேண்டும். பல நோய்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

நின்ற நிலையில் எடுக்கும் வழக்கமான எக்ஸ்-ரேயில் நீர் தெளிவாகத் தெரிய 200 மில்லிலிட்டர் அளவாவது சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் குறைவான நீரை அல்ட்ராசவுண்ட் கருவி காட்டிவிடும். நீர் எடுக்கும் ஊசியை இப்போது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்த பிறகே செலுத்துகிறார்கள். விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுவதால், ஊசி எப்போதும் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே நுழையும்.

முதல் பிரிவு: தெளிநீரா, செறிநீரா?

எடுத்த நீரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி நோயின் பெயரைப் பற்றியதல்ல. குழாய்ச் சுவர் பழுதுபட்டதா, இல்லையா என்பதுதான் அது.

இதயம் தளர்ந்தால் இரத்தம் பின்னுக்குத் தேங்கி, நுண்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் சுருக்க நோயிலும் சில சிறுநீரக நோய்களிலும் இரத்தத்தில் புரதம் குறைந்து, நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் விசை தளர்கிறது. இந்த நிலைகளில் குழாய்ச் சுவர் நன்றாகவே இருக்கிறது. நீர் மட்டும் வெளியேறுகிறது; பெரிய புரத மூலக்கூறுகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இப்படிச் சேரும் புரதம் குறைந்த நீரைத் தெளிநீர் எனலாம். மாறாக, நிமோனியாவோ காசநோயோ புற்றுநோயோ உறையைத் தாக்கும்போது குழாய்ச் சுவரே நெகிழ்ந்துபோகிறது. நீரோடு புரதமும் வெளியே கொட்டுகிறது. இது செறிநீர்.

இரண்டையும் பிரிக்க இன்றுவரை உலகெங்கும் பயன்படும் விதிகளை 1972-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் லைட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது 150 நீர் மாதிரிகளை. நெஞ்சு நீரில் உள்ள புரதம் இரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதி இரத்தத்தில் உள்ளதில் 0.6 பங்குக்கு மேல் இருந்தாலோ, அல்லது அந்த நொதியின் அளவு இரத்தத்துக்கான இயல்பு உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ அது செறிநீர். மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும்.

எளிமையான இந்த விதிகள் செறிநீரைக் கிட்டத்தட்டத் தவறவிடுவதே இல்லை. ஆனால் சில தெளிநீர்களைச் செறிநீர் என்று தவறாகச் சொல்லிவிடும். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளிடம் இது அடிக்கடி நடக்கிறது. மாத்திரையால் உடலிலிருந்து நீர் வெளியேறும்போது நெஞ்சு நீரில் மிஞ்சிய புரதம் அடர்ந்துவிடுவதே காரணம். அப்போது இரத்தத்திலும் நெஞ்சு நீரிலும் உள்ள ஆல்புமின் புரதத்தின் வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். அது டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இருந்தால், விதிகள் என்ன சொன்னாலும் தெளிநீராகவே கருதலாம்.

தெளிநீர் என்று தெரிந்துவிட்டால் தேடல் பெரும்பாலும் முடிந்துவிடும். இதயத்தையோ கல்லீரலையோ சிறுநீரகத்தையோ கவனித்தால் போதும். செறிநீர் என்று வந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

காசமா, புற்றா?

இந்தியா போல் காசநோய் மிகுந்த நாட்டில், சில வாரங்களாகச் செறிநீர் கோத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பார்க்கும் மருத்துவர் முன் இரண்டு பெயர்கள் எழுகின்றன: காசநோய், புற்றுநோய். உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கிறார்கள். வயது ஏற ஏறப் புற்றுநோயின் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டிலும் நீரில் பெரும்பாலும் நிணநீர்ச் செல்களே மிகுந்திருக்கும். இரண்டிலும் எடை குறையும், பசி மந்தமாகும்.

நேரடிச் சான்று கிடைத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அது எளிதில் சிக்குவதில்லை. நுரையீரல் உறையைத் தாக்கும் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு. நீர் கோப்பதற்குக் காரணம் கிருமியின் எண்ணிக்கையைவிட, அதன் புரதங்களுக்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினையே. அதனால் நுண்ணோக்கியில் கிருமி தென்படுவது அரிது; கிருமி வளர்ப்புச் சோதனையும் பாதிக்கு மேற்பட்டோரிடம் வெறுங்கையாகவே திரும்புகிறது. புற்றுநோயிலும் நிலை இதேபோல்தான். நீரில் மிதக்கும் புற்றுச் செல்களைத் தேடும் சைட்டாலஜி சோதனை, உண்மையில் புற்றுள்ள நூறு பேரில் அறுபது பேர் அளவில்தான் கண்டுபிடிக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் உறைப் புற்றில் அதுவும் பாதியாகக் குறைகிறது.

இந்த இடத்தில் தவறினால் விலை அதிகம், இரு பக்கமும். புற்றுநோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்துக் காத்திருந்தால் மாதங்கள் கழிந்துவிடும். காசநோயைக் கவனிக்காமல் விட்டுவிடும் மறுபக்கத்துத் தவறு இன்னும் ஏமாற்றுவது. காசநோயால் கோத்த நீர் பலரிடம் மருந்தில்லாமலேயே சில வாரங்களில் வற்றிவிடும். நோய் தீர்ந்துவிட்டது என்று நம்பத் தோன்றும். காசநோய் மருந்துகள் பரவலாவதற்கு முந்தைய காலத்தில் இப்படி நீர் கோத்துத் தானாக வற்றிய அமெரிக்கப் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1955-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் முழுமையான காசநோய் வெளிப்பட்டிருந்தது.

நேரடிச் சான்று கிடைக்காதபோது மறைமுகச் சான்றைத் தேடுகிறது மருத்துவம். நோய் உடலில் விட்டுச்செல்லும், அளக்கக்கூடிய வேதித் தடயத்தை உயிர்க்குறிப்பான் என்கிறார்கள். காசநோய்க்கு அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஏ.டி.ஏ. என்று ஆய்வக அறிக்கைகளில் அச்சாகும் நொதி. கிருமியை எதிர்த்துத் தூண்டப்பட்ட நிணநீர்ச் செல்களிலிருந்து அது வருகிறது. நெஞ்சு நீரில் அது லிட்டருக்கு 40 அலகுக்கு மேல் இருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் சந்தேகம் பெரிதும் விலகுகிறது. மலிவான, விரைவான சோதனை. காசநோய்க்கு ஏ.டி.ஏ. இருப்பதுபோல், புற்றுநோய்க்கும் நீரிலேயே அளக்கக்கூடிய ஒன்று கிடைக்குமா என்ற தேடலில்தான் வளர்ச்சிக் காரணிகள் வருகின்றன.

சீமைப் பெருச்சாளியின் தோலில் ஒரு நீலப் புள்ளி

செல்களைப் பெருகச் சொல்லியோ இடம்பெயரச் சொல்லியோ ஒரு செல் மற்றொன்றுக்கு அனுப்பும் புரதச் செய்திகளே வளர்ச்சிக் காரணிகள். அவற்றில் நெஞ்சு நீரோடு மிக நெருக்கமானது, புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி. மருத்துவ உலகில் இதன் பெயர் வி.இ.ஜி.எஃப்.

இது இருமுறை கண்டுபிடிக்கப்பட்ட புரதம். 1983-இல் பாஸ்டன் நகரில் டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் ட்வோரக்கும், புற்றுக் கட்டி வளர்ந்த சீமைப் பெருச்சாளிகளின் வயிற்றில் ஏன் அவ்வளவு நீர் சேர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியமான விலங்கின் இரத்தத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தி, பின்பு கட்டியிலிருந்து பிரித்த திரவத்தில் சிறிதளவைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினார்கள். ஊசி போட்ட இடத்தில் நீலப் புள்ளி ஒன்று தோன்றிப் பரவியது. குழாய்ச் சுவர் நெகிழ்ந்து, சாயம் ஏற்றிய இரத்தப் புரதம் கசிந்ததன் அடையாளம் அது. அந்தக் கசிவை உண்டாக்கிய புரதத்துக்குக் குழாய்க் கசிவுக் காரணி என்று பெயரிட்டார்கள். ஒவ்வாமையின்போது வீக்கம் தரும் ஹிஸ்டமினைவிடப் பல்லாயிரம் மடங்கு வீரியம் கொண்டது அது.

1989-இல் கலிஃபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரிச் செல்களிலிருந்து வேறொரு புரதத்தைப் பிரித்தார். இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களைப் பெருகச் செய்ததால் அதற்கு வி.இ.ஜி.எஃப். என்ற பெயர் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் இரண்டு புரதங்களின் மரபணு வரிசைகளும் 'சயின்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே. குழாயைக் கசியச் செய்வதும் குழாயை வளர்ப்பதும் ஒரே மூலக்கூறின் இரண்டு வேலைகள். நெஞ்சு நீரைப் புரிந்துகொள்ள முதல் வேலையே முக்கியம்.

நெஞ்சுக்குள் அது செய்வது

கட்டியின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேராது. ஆக்சிஜன் குறைந்த செல்கள் வி.இ.ஜி.எஃப்.பை அதிகமாகச் சுரக்கின்றன. புதுக் குழாய்கள் கட்டியை நோக்கி முளைக்கின்றன. கட்டி நுரையீரல் உறையை எட்டிவிட்டால் இதே சுரப்பு உறையின் இடைவெளிக்குள்ளும் கலக்கிறது. சுற்றியுள்ள நுண்குழாய்கள் நெகிழ்ந்து, வரத்து பெருகுகிறது. மறுபுறம் புற்றுச் செல்கள் நிணநீர்த் துளைகளை அடைத்து வடிகாலையும் குறைக்கின்றன.

கசிவில் வி.இ.ஜி.எஃப்.புக்கு உண்மையிலேயே பங்கு உண்டா, அல்லது அது அங்கே தற்செயலாக இருக்கிறதா? ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் எலிகளைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மனித நுரையீரல் புற்றுச் செல்களில், உறையைத் துளைத்துப் பரவும் திறனும் வி.இ.ஜி.எஃப்.பை மிகுதியாகச் சுரக்கும் திறனும் சேர்ந்திருந்தவையே எலியின் நெஞ்சில் பெருமளவு நீரைச் சேர்த்தன. அதே செல்களில் வி.இ.ஜி.எஃப். சுரப்பை மரபணு வழியாக அடக்கியபோது நீர் வெகுவாகக் குறைந்தது.

மனிதர்களிடமும் இயற்கையாக நிகழும் ஒரு சான்று உண்டு. குழந்தைப்பேறு சிகிச்சையில் சினைமுட்டைகளை முதிரவைக்கத் தரும் ஊசிகளால் சில பெண்களின் சூலகங்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. சூலகங்கள் வி.இ.ஜி.எஃப்.பைக் கொட்ட, வயிற்றிலும் சில வேளை நெஞ்சிலும் நீர் கோத்துவிடுகிறது. அங்கே புற்றும் இல்லை, கிருமியும் இல்லை.

இந்த உதாரணமே ஓர் எச்சரிக்கையும்கூட. வி.இ.ஜி.எஃப். புற்றுநோய்க்கு மட்டும் உரியது அல்ல. நிமோனியா முற்றிச் சீழ் சேரும்போது, கிருமிகளால் தூண்டப்பட்ட உறைச் செல்களே அதைச் சுரக்கின்றன. சீழ் நீரில் அதன் அளவு புற்றுநீரையும் மிஞ்சக்கூடும். காசநோயிலும் அது உயர்கிறது. இதயத் தளர்ச்சியால் சேரும் தெளிநீரிலும் கொஞ்சம் இருக்கும். ஒரு நோயின் பெயரை அது சொல்வதில்லை. குழாய்ச் சுவர் தூண்டப்பட்டிருக்கிறது என்ற நிகழ்வைச் சொல்கிறது. அந்த நிகழ்வு பல நோய்களுக்குப் பொதுவானது. இந்த உயிர்க்குறிப்பானின் பலமும் பலவீனமும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

அளக்கும் முறையும் அதன் பொறிகளும்

நெஞ்சு நீரில் வி.இ.ஜி.எஃப். அளவு பைக்கோகிராமில் சொல்லப்படுகிறது. ஒரு பைக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க எலைசா என்ற முறை உதவுகிறது. வி.இ.ஜி.எஃப்.போடு மட்டும் ஒட்டும் எதிர்ப்புப் புரதத்தைச் சிறு குழிகளில் பூசி வைத்து, அதில் நெஞ்சு நீரை ஊற்றுகிறார்கள். ஒட்டியது போக மீதியைக் கழுவிவிட்டு, நிறம் தரும் நொதி இணைத்த இரண்டாவது எதிர்ப்புப் புரதத்தைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு அடர்த்தியாக நிறம் வருகிறதோ அவ்வளவு வி.இ.ஜி.எஃப். இருக்கிறது.

இரத்தத்தில் அளக்காமல் நெஞ்சு நீரில் அளப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இரத்தத் தட்டுகள் வி.இ.ஜி.எஃப்.பைச் சேமித்து வைத்திருக்கின்றன. குழாயில் எடுத்த இரத்தம் உறையும்போது அவை அதை வெளியே விட்டுவிடுகின்றன. அளவு பொய்யாக ஏறிவிடும். ஊசி போடும்போது நெஞ்சு நீரில் இரத்தம் கலந்துவிட்டால் இதே பிழை அங்கும் நுழையலாம். புற்றுநீரில் பல வேளைகளில் வி.இ.ஜி.எஃப். இரத்தத்தைவிட நெஞ்சு நீரிலேயே மிகுந்திருக்கிறது. இரத்தத்திலிருந்து அது கசிந்து வரவில்லை, அங்கேயே சுரக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இருநூறு பேரை வைத்து ஒரு கணக்கு

சோதனை ஒன்றை எடைபோட இரண்டு எண்கள் வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை அது பிடிக்கிறது என்பது பிடிதிறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறது என்பது விலக்குதிறன். நெஞ்சு நீரில் வி.இ.ஜி.எஃப்.பை அளந்த ஆய்வுகளில் இந்த எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. நூற்றுக்கு எழுபதையொட்டிய மதிப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. கணக்குக்காகப் பிடிதிறன் 75, விலக்குதிறன் 70 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாவட்ட மருத்துவமனைக்குச் செறிநீரோடு 200 பேர் வருவதாகக் கற்பனை செய்யலாம். இவர்களில் 60 பேருக்குப் புற்றுநோய், 100 பேருக்குக் காசநோய், 40 பேருக்குப் பிற காரணங்கள். எந்தச் சோதனையும் செய்யாத நிலையில், வந்தவர் ஒருவருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30.

எல்லோருக்கும் வி.இ.ஜி.எஃப். பார்க்கப்படுகிறது; ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டிய அளவை உயர்ந்த முடிவு என்று கொள்ளலாம். புற்றுள்ள 60 பேரில் 45 பேருக்கு அது உயர்ந்திருக்கும். புற்றில்லாத 140 பேரில் நூற்றுக்கு 30 பேர் வீதம் 42 பேருக்கும் உயர்ந்திருக்கும். ஆக மொத்தம் 87 பேர். அவர்களில் உண்மையான புற்றுநோயாளிகள் 45. உயர்ந்த முடிவைக் கையில் வைத்திருப்பவருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 52. சோதனைக்கு முன் 30, சோதனைக்குப் பின் 52. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு நெருக்கமான இந்த நிலையில் யாருக்கும் புற்று சிகிச்சையைத் தொடங்க முடியாது. முடிவு குறைவாக வந்த 113 பேரிலும் 15 பேருக்குப் புற்று இருக்கிறது, நூற்றுக்கு 13. யாரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

இதே சோதனையைப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் செய்தால் கதை மாறும். அங்கே 200 பேரில் 120 பேருக்குப் புற்று என்று கொண்டால், உயர்ந்த முடிவு 90 புற்றுநோயாளிகளுக்கும் மற்றவர்களில் 24 பேருக்கும் வரும். 114-இல் 90 என்றால் நூற்றுக்கு 79. வேதிப்பொருளும் அதே, கருவியும் அதே, எல்லைக்கோடும் அதே. முடிவின் பொருள் மட்டும் வேறு. ஓர் ஊரில் செய்த ஆய்வின் எண்ணை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

எல்லைக்கோட்டை உயர்த்தினால் என்ன ஆகும்? மாவட்ட மருத்துவமனைக்கே திரும்பலாம். மிக உயர்ந்த அளவை மட்டும் கணக்கில் எடுத்தால் பிடிதிறன் 40 ஆகக் குறைந்து, விலக்குதிறன் 95 ஆக உயர்வதாகக் கொள்வோம். அப்போது 24 புற்றுநோயாளிகளும் மற்றவர்களில் 7 பேரும் எல்லையைத் தாண்டுவார்கள். 31-இல் 24, நூற்றுக்கு 77. முடிவு நம்பகமாகிறது; ஆனால் 36 புற்றுநோயாளிகள் வலைக்கு வெளியே நிற்கிறார்கள். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது ஏ.டி.ஏ.வை முதலில் செய்து பார்க்கலாம். காசநோயாளிகள் 100 பேரில் 90 பேருக்கும், மற்ற காரணங்கள் உள்ள 40 பேரில் 10 பேருக்கும், புற்றுநோயாளிகள் 60 பேரில் 6 பேருக்கும் அது உயர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். நிணநீர்ப் புற்றிலும் சீழ் சேர்ந்த நிலையிலும் ஏ.டி.ஏ. உயரும் என்பதால் கடைசி இரண்டு எண்களும் பூஜ்ஜியமாக இருக்க முடியாது. ஏ.டி.ஏ. குறைவாக உள்ளவர்கள் 94 பேர்: புற்று 54, காசம் 10, பிற 30. இந்த 94 பேருக்கு மட்டும் வி.இ.ஜி.எஃப். பார்த்தால், உயர்ந்த முடிவு வருவது 40 புற்றுநோயாளிகளுக்கும் மற்றவர்களில் 12 பேருக்கும் ஏறத்தாழ. 52-இல் 40, நூற்றுக்கு 77. தனியாக நின்றபோது 52 என்று சொன்ன அதே சோதனை, எல்லைக்கோட்டை மாற்றாமலேயே 77-க்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: இரண்டு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்பது. நிஜ உடலில் அழற்சி மிகுந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறக்கூடும். அதனால் ஆதாயம் தாளில் தெரிவதைவிடக் குறையலாம். ஆயினும் எந்தச் சோதனையை யாருக்கு, எந்த வரிசையில் செய்வது என்பது, எந்தச் சோதனை என்பதைப் போலவே முக்கியமாகிறது.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புற்றுநீரையும் இதயத் தளர்ச்சி நீரையும் ஒப்பிட்டால் வி.இ.ஜி.எஃப். அருமையாகப் பிரித்துக்காட்டும். ஆனால் அவ்விரண்டையும் பிரிக்க லைட் விதிகளே போதும். புற்றையும் காசத்தையும், புற்றையும் சீழையும் ஒப்பிட்ட ஆய்வுகள்தான் மருத்துவருக்கு உதவும். அங்கே எண்கள் இறங்கிவிடுகின்றன.

தழும்பை எழுதும் இன்னொரு காரணி

வி.இ.ஜி.எஃப்.போடு சேர்த்து ஆராயப்படும் மற்றொன்று டி.ஜி.எஃப்.-பீட்டா. காயம் ஆறும்போது நார்த்திசுவை நெய்யச் சொல்லும் காரணி இது. காசநோயிலும் சீழிலும் நெஞ்சு நீரில் இது உயர்கிறது. நீர் வற்றிய பின் உறை தடித்து, நுரையீரலை முழுதாக விரியவிடாமல் இறுக்கும் நிலைக்கு இதன் பங்கு பெரிது. ஆகவே இதன் பயன் நோயைக் கண்டறிவதைவிட, யாருக்கு உறை தடிக்கும் என்று முன்கூட்டி அறிவதில் இருக்கலாம். இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: உடலில் இது பெரும்பாலும் செயலற்ற வடிவில், வேறொரு புரதத்தால் மூடப்பட்டே இருக்கிறது. அமிலம் சேர்த்து மூடியைக் கழற்றிய பிறகே வழக்கமான எலைசாவில் அளக்க முடியும். மொத்த அளவு தெரிந்தாலும், அதில் எவ்வளவு உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெரிவதில்லை.

இரண்டு காரணிகளும் தனித்தனியாக இயங்குபவையும் அல்ல. டி.ஜி.எஃப்.-பீட்டா உறைச் செல்களைத் தூண்டி வி.இ.ஜி.எஃப்.பைச் சுரக்க வைக்கிறது. முயல்களின் நெஞ்சில் டி.ஜி.எஃப்.-பீட்டாவைச் செலுத்தினால் முதலில் நீர் சேர்கிறது, பிறகு இரண்டு சவ்வுகளும் ஒட்டிக்கொள்கின்றன.

இன்றைய நிலை

நெஞ்சு நீரின் வி.இ.ஜி.எஃப். அளவு இன்னும் அன்றாடச் சோதனை ஆகிவிடவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைக்கோடு மாறுவது ஒரு காரணம். புற்று, காசம், சீழ் மூன்றின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது பெரிய காரணம். செறிநீருக்கு இன்று மருத்துவர்கள் பின்பற்றும் வரிசை வேறு: செல் எண்ணிக்கை, ஏ.டி.ஏ., கிருமிச் சோதனை, சைட்டாலஜி, தேவைப்பட்டால் சைட்டாலஜி மறுபடியும், சி.டி. ஸ்கேன். இவற்றிலும் விடை கிடைக்காவிட்டால் விலாக்களுக்கு நடுவே சிறு துளையிட்டு, விளக்குப் பொருத்திய குழாயால் உறையை நேரில் பார்த்துத் துணுக்கு எடுக்கிறார்கள். தோரகோஸ்கோப்பி எனப்படும் இந்த முறையை 1910-இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபியஸ் அறிமுகப்படுத்தினார். புற்றாக இருந்தாலும் காசமாக இருந்தாலும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் இது விடை தருகிறது. ஆனால் இதற்குப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும், மருத்துவமனையில் தங்க வேண்டும், மூச்சுத் திணறும் முதியவர் எல்லோராலும் தாங்கவும் முடியாது. சைட்டாலஜியில் ஒன்றும் தெரியாத, ஏ.டி.ஏ.வும் குறைந்த நோயாளிகளில் யாரைத் தாமதிக்காமல் தோரகோஸ்கோப்பிக்கு அனுப்புவது, யாரைக் கவனித்துக்கொண்டு காத்திருப்பது என்று பிரிக்கும் இடம்தான் வளர்ச்சிக் காரணிகளுக்குப் பொருத்தமான இடம்.

சிகிச்சையில் இந்தப் புரதம் வேறொரு கதவைத் திறந்திருக்கிறது. வி.இ.ஜி.எஃப்.பைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கும், பிறகு ஒருவகை நுரையீரல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. புற்றுநீர் கோத்த நோயாளிகளிடம் இதைக் கொடுத்து, நீர் குறைந்ததைக் கண்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. இரத்தக்கசிவு ஆபத்து இந்த மருந்தில் உண்டு என்பதால் எல்லோருக்கும் தர முடியாது. மறுபடி மறுபடி நீர் சேரும் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சை இன்றும் இரண்டுதான்: டால்க் தூளைச் செலுத்தி இரு சவ்வுகளையும் ஒட்டவைத்து இடைவெளியையே மூடிவிடுவது, அல்லது மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, நோயாளி வீட்டிலேயே தேவைப்படும்போது நீரை வடித்துக்கொள்ளச் செய்வது. நுரையீரல் முழுதாக விரிய மறுக்கும் நோயாளிகளிடம் இரு சவ்வுகளும் தொட்டுக்கொள்ளாததால் டால்க் பலிக்காது; அவர்களுக்குக் குழாயே வழி.